யாரும் தொடங்காத ஜெபம்

ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தும் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை என்றால் அங்கே சண்டை நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு நடந்திருக்க வேண்டும். நான் பெண் பார்க்கப் போன வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. தேர்தல்தான் நடந்திருந்தது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது என்று இன்னொரு கூட்டம். இதற்கு நடுவில் சட்டசபையைப் பாதியில் கலைத்து அவசரமாகத் தேர்தல் வைத்தார்கள். வாக்குகளை எண்ணி முடித்தால் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. யார் யாரோடு சேர்ந்து மந்திரிசபை அமைக்கப் போகிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. தமிழ்க் கட்சிக்காரர்கள் கை காட்டுகிறவர்தான் முதல் மந்திரி என்று காலையில் பேசிக்கொள்வார்கள். அவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போடப் போகிறார்கள் என்று சாயங்காலம் பேசிக்கொள்வார்கள்.

பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பக்கம் எல்லாருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம், அதை யாரும் கவனித்ததே இல்லை. அந்த நாட்களில் மட்டும், வாயைத் திறந்த உடனே ஆள் எந்தப் பக்கம் என்று மனசுக்குள் முடிவு கட்டினார்கள். அதனால் அந்நியரிடம் முதலில் பேசுவதற்கு யாருக்கும் துணிச்சல் இல்லாமல் போயிற்று. சந்தையில்கூட மீனைத் தொட்டுக் காட்டித்தான் விலை கேட்டார்கள்.

எனக்குப் போராட்டமும் தெரியாது, மந்திரிசபையும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரேசம்மா. அமரவிளை யோவான் சாரின் மகள். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் அவளைப் பார்த்தேன். கீர்த்தனைக்கு நடுவில் ஆர்மோனியக்காரர் தும்மிவிட, சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. கொஞ்சம் குறைவாக.) இவளைக் கட்டினால் கட்டுவேன், இல்லாவிட்டால் ஒற்றை ஆளாகவே இருந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா இல்லாத எனக்காகத் தங்கையன் மாமா பெண் கேட்டுப் புறப்பட்டார். பாறசாலையில் அவருக்குத் துணிக்கடை, நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். இரண்டு பக்கத்து ஆட்களும் அங்கே வந்து துணி எடுப்பார்கள். அதனால் அவர் எந்தப் பக்கமும் இல்லை, எல்லாப் பக்கமும் உண்டு.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மாமா என் தோளைப் பிடித்தார்.

"எலே மக்கா, யோவான் சார் கெவர்மெண்டு பள்ளிக்கூட வாத்தியாராக்கும். அவரு எந்தப் பக்கம்னு ஆருக்கும் தெரியாது. நாம ஒரு பாஷையில தொடங்கி, அது அவருக்குப் பிடிக்கல்லேன்னா கல்யாணம் அதோட தீந்துது. அவரு முதல்ல பேசட்டு. அது வரைக்கும் வாயத் தொறந்து மிண்டப்பிடாது."

"பொண்ணு ஏதாவது கேட்டா?"

"சிரி."

ஆற்றை ஒட்டிய வழியில் நடந்தோம். மதியம் சாய்ந்திருந்தது, மேகம் மூடியிருந்தது, ஓர் இலை அசையவில்லை. மதில்களில் ஒட்டியிருந்த தேர்தல் நோட்டீசுகளின் முகங்களை யாரோ கிழித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே எல்லாத் தலைவர்களும் வெள்ளைச் சட்டையோடு எங்களை வணங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயாக்கடையில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. நாங்கள் பக்கத்தில் போனதும் அடுப்பை அணைத்த மாதிரி எல்லாம் நின்றுவிட்டது. "யோவான் சார் வீடு?" என்றார் மாமா. இரண்டு பாஷைக்கும் பொதுவான வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். கடைக்காரர் பதில் சொல்லாமல் விரலை நீட்டினார். திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. எழுந்தது, எங்களைப் பார்த்தது, குரைக்காமல் பின்பக்கமாகவே நடந்து வைக்கோல் போருக்குப் பின்னால் மறைந்தது. (அதற்கும் யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.) யோவான் சார் வாசலில் நின்றார். நெடுநெடுவென்ற ஆள். பல் தெரியாமல் சிரித்தார். மாமாவும் பல் தெரியாமல் சிரித்தார். உள்ளே நாற்காலிகள் ஏற்கெனவே எங்களுக்காகப் போடப்பட்டிருந்தன. சன்னல்களின் கீழ்க்கதவுகள் சாத்தியிருந்ததால் மேல்பக்கமாக மட்டும் வெளிச்சம் உள்ளே வந்தது. சுவர்க் கடிகாரம் ஓடாமல் நின்றிருந்தது. கதவுத் திரையின் அடியில் வரிசையாகப் பாதங்கள் தெரிந்தன, ஆட்களைக் காணவில்லை.

ஒரு கை நீண்டு முக்காலியில் காப்பியையும் பலகாரத் தட்டையும் வைத்துவிட்டுத் திரைக்குள் போயிற்று. மாமா ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார். அந்த அமைதியில் அது ஓட்டுக்கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி கேட்டது. பயந்துபோய் அதை மெல்லாமல் வாய்க்குள்ளேயே ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. எனக்குக் கடைப்பையன்கள் சொன்ன கதை ஒன்று நினைவுக்கு வந்தது. வைசூரியில் ஒரு வீடு முழுக்கச் செத்துப்போனதாம். ஆனாலும் அந்த வீட்டார் வருகிறவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்களாம், பேச மட்டும் மாட்டார்களாம். நான் காப்பியைத் தொடவில்லை.

அப்புறம் யோவான் சார் எழுந்து கைகளைக் கோத்துக் கண்ணை மூடினார். பெண்கள் வெள்ளை முண்டுகளால் தலையை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். கிறிஸ்தவ வீட்டில் எந்த நல்ல காரியமும் ஜெபத்தோடுதானே தொடங்கும். நாங்களும் எழுந்து கண்ணை மூடினோம். வந்தவர்களில் மூத்தவர் ஜெபிக்கட்டும் என்று அவர் காத்திருக்கிறார், வீட்டுக்காரர் ஜெபிக்கட்டும் என்று மாமா காத்திருக்கிறார். முதல் வரியிலேயே பாஷை தெரிந்துவிடுமே. யார் வாய் திறப்பார்?

ஒருவரும் தொடங்கவில்லை. தொடங்காத ஜெபத்தை முடிக்கவும் வழியில்லை. கண்ணைத் திறக்கவும் முடியாது. ஈ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. நான் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தேன். வெள்ளை முக்காடுகள் வரிசையாகக் குனிந்து நின்றன. யாருக்கும் மார்பு ஏறி இறங்குவதாகத் தெரியவில்லை. பக்கத்தில் மாமாவைப் பார்த்தேன், அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. மாமாவும் போய்விட்டார், நான் ஒருவன்தான் மிச்சம் என்று நிச்சயமாகத் தோன்றியது.

அப்போது என் காதுக்குப் பின்னால், மிகவும் பக்கத்தில், ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

"ஆமென்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். முக்காலி கவிழ்ந்து காப்பி முழுவதும் மாமாவின் வேட்டியில் கொட்டியதாம். நான் முற்றத்தைத் தாண்டி, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் புகுந்து, ஒரு செருப்போடு ஓடினேனாம். அந்த நாய் அப்போதுதான் குரைத்ததாம்.

மாமா பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒரு புளியமரத்தடியில் ஒற்றைச் செருப்போடு ஒளிந்திருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஓடினப்பம் அங்கெ எல்லாரும் ஒண்ணாப் பேசத் தொடங்கியாச்சு. ஆரு தமிழ், ஆரு மலையாளம்னு ஒரு பிடியும் கிட்டல்ல. உனக்குப் பின்னால நிண்ணு ஆமென் சொன்னது அந்தப் பொண்ணுக்கெ அத்தையாக்கும். அவ சொன்னா, ஆமென்னு கேட்டதும் ஓடினா அது பேயாக்கும்னு."

"நானா?"

"பின்னெ நானா? யோவான் சார் சொல்லிட்டாரு, பேய்க்குப் பொண்ணு கிடையாதுன்னு."

அன்று அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? கடையில் யாருக்கோ நாலு முழம் கேட்ட துணியை ஆறு முழமாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் அழுதேன்.

அடுத்த வாரமே யோவான் சார் கடைக்கு வந்தார். துணி எடுக்க வரவில்லை. வெளியே நின்றபடி, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்னா மோள் சம்மதிக்கமாட்டேங்கா. நான் எவ்வளவோ சொல்லியாச்சு. அவ சொல்லுகா, அண்ணு அந்த முறிக்குள்ள நிண்ண எல்லாருக்கும் பயம் உண்டு. அப்பாக்கு வேலையெ நினைச்சுப் பயம், அவருக்கெ மாமாக்கு கடையெ நினைச்சுப் பயம். பயந்ததெ மறைக்காம ஓடினது அவரு ஒருத்தராக்கும், எனக்கு அவரு மதி, வேற ஆரும் வேண்டாம்னு."

அவர் பேசியது எந்தப் பாஷை என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு மந்திரிசபையும் அமைந்தது. யாரும் எதிர்பாராத ஒரு சின்னக் கட்சி, பெரிய கட்சியின் தயவில் நாற்காலியில் உட்கார்ந்தது, சீக்கிரமே எழுந்தும் போயிற்று. யோவான் சாரை எந்த மந்திரியும் இடம் மாற்றவில்லை. அப்படி ஒரு வாத்தியார் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எல்லை பிரித்தபோது எங்கள் இரண்டு வீடுகளும் கேரளத்தோடு நின்றன.

கல்யாணத்தன்று போதகர் ஆசீர்வாதத்தை முடிக்கும் நேரம் பார்த்து, என் மைத்துனர்கள் இரண்டு பேரும் சபைக் கதவுகளுக்குப் போய் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போதகர் ஆமென் சொல்லாமல் என்னையே பார்த்தார். சபை முழுவதும் என் கால்களைப் பார்த்தது. அப்போதுதான் கிரேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இன்றைக்கும் வீட்டு ஜெபம் முடியப் போகிறது என்றால் அவள் கை தானாக வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். பேரப்பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்காகவே ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எனக்கு முட்டுவலி வந்து பல வருஷம் ஆகிறது, வாசல் வரைக்கும்கூட ஓட முடியாது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.