பிசகே இல்லாத பைண்டிங்

"ரெண்டுல எது போதகரோடது, எது ரபியோடது?" என்று மனைவி கேட்டபோதுதான் பைண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாடிக்கையாளர் பெயர் எழுதிய சீட்டைப் பழைய அட்டைக்குள் செருகி வைப்பது அவர் வழக்கம். இந்த முறை நூல் பிரித்த கையோடு அட்டைகளைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். சீட்டுகளும் கூடவே ஊர்வலம் போய்விட்டன. மேஜையில் கிடந்தவை, கிறிஸ்தவப் போதகரும் யூத குருவான ரபியும் கொடுத்த, அட்டையில்லாத இரண்டு வேதப் புத்தகங்கள்; இரண்டிலும் பழைய ஏற்பாடு மட்டும்.

"போன் பண்ணிக் கேட்டுடுங்களேன்."

"நானா? வாசல்ல என்ன போர்டு மாட்டியிருக்கேன்? 'பிசகே இல்லாத பைண்டிங்'! கேட்டா அதை நானே கழட்டி வெச்சிட வேண்டியதுதான்."

இரண்டையும் புரட்டினார். ஒரே மொழி, அதே ஆதாம், அதே மோசே, அதே தாவீது. ஆனால் ஒன்றில் நாளாகமம் என்ற புத்தகம் கடைசியில் கிடந்தது. பைண்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எவனோ கத்துக்குட்டி தெச்சிருக்கான்! இது ராஜாக்களுக்கு அடுத்து வரணும். தானியேலைப் பாரு, தீர்க்கதரிசிகளோட சேர்க்காம எங்கயோ தள்ளிட்டான்."

ஞாயிறு பள்ளியில் வேதப் புத்தகங்களின் வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர் அவர். உள்ளே ஒவ்வொரு புத்தகமும் தனிக் கட்டாக அச்சாகியிருந்தது வசதியாகப் போயிற்று. மல்கியா கடைசியில் வரும்படி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

மனைவி பொருளடக்கத்தைப் பார்த்தாள். "என்னங்க, அதுல முப்பத்தொன்பது புஸ்தகம். இதுல இருபத்திநாலுதானே இருக்கு?"

"பதினஞ்சைத் தொலைச்சிட்டேனா!"

மேஜைக்கு அடியில் தேடினார். பசை வாளிக்குப் பின்னால் தேடினார். வாளி கவிழ்ந்ததுதான் மிச்சம். அதற்குள் மனைவி கைபேசியில் தேடிவிட்டாள்.

"ஒண்ணும் தொலையல. எழுந்திருங்க. சின்னத் தீர்க்கதரிசிங்க பன்னிரண்டு பேரையும் யூதருங்க ஒரே புஸ்தகமா எண்றாங்க. சாமுவேல் மாதிரி நாம ரெண்டு ரெண்டா எண்ற நாலும் அவங்களுக்கு ஒவ்வொண்ணுதான். அவங்க வரிசையே வேற. நாளாகமம்தான் கடைசியாம்."

முழங்காலெல்லாம் பசையோடு பைண்டர் எழுந்தார். முகத்தில் அசடு வழிந்தது, ஒரு நிமிஷம்தான்.

"அப்ப இது ரபியோடது! கண்டுபிடிச்சேன் பாத்தியா!"

அடுக்கியதைக் கலைத்து, பழைய வரிசையிலேயே தைத்தார். இனி எவனும் குழம்பக் கூடாது என்று, யாரும் கேட்காமலேயே, ஒரு அட்டையில் ரபியின் பெயரையும் மற்றதில் போதகரின் பெயரையும் பொன் எழுத்தில் பொறித்தார். தன் வேலையை ஊரே பார்க்க வேண்டும் போலிருந்தது. இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டார்.

"ரகசியமா இருக்கட்டும்னு ரெண்டு பேருமே சொன்னாங்களே!"

"புஸ்தகத்தைக் கந்தலா வெச்சிருந்த வெக்கம். இப்ப எதுக்கு வெக்கம்?"

சாயந்திரம் ரபி மனைவியோடு வந்தார். பின்னாலேயே போதகர் வந்தார். ஒருவரையொருவர் பார்த்ததும் இரண்டு முகமும் சுருங்கின.

"நீங்க எங்க இங்க?" என்றார்கள் இருவரும்.

பைண்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "ரபி ஐயா, உங்களோடது நாளாகமத்துல, 'ஊருக்குத் திரும்பிப் போகட்டும்'ங்கற ராஜா உத்தரவோட முடியுது. எங்களோடது மல்கியாவுல, எலியா தீர்க்கதரிசி வரப்போறார்னு வாசலைப் பாத்துக்கிட்டே முடியுது. உள்ள இருக்கறது ஒண்ணுதான். எங்க நிறுத்தறோம்ங்கறதுலதான் விஷயம்!"

புத்தகங்களைக் கொடுத்தார். இருவரும் அட்டையிலிருந்த பெயரைப் படித்தார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பைண்டரின் மனைவி மெல்ல ஏணியைத் தேடினாள், வாசல் போர்டைக் கழற்றுவதற்கு.

ரபியின் மனைவிதான் வாயைத் திறந்தாள். "எது யாரோடதுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? போன வருஷம் படிச்சுப் பாக்கலாம்னு ரெண்டு பேரும் புஸ்தகத்தை மாத்திக்கிட்டாங்க; சொல்லாம புதுசாக்கித் திருப்பித் தரலாம்னு இவர் இங்க கொண்டாந்தது போதகரோடதை, அவரும் இவரோடதைத்தான் கொண்டாந்திருக்கார் போலிருக்கு. சீட்டுல போதகர் பேரைச் சொல்லாம தன் பேரையே சொல்லித் தொலைச்சிட்டேன்னு இவர் வழியெல்லாம் புலம்பிக்கிட்டு வந்தாரே!"