தலைமாட்டு அம்மி

"பூர்வீகம் எது அண்ணாச்சி?" என்று மாப்பிள்ளையின் அப்பா முத்துப்பாண்டி கேட்டபோது சமுத்திரத்தின் வாய் நிறையப் பால்கோவா இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவர்களே வாங்கி வந்தது. விழுங்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை.

"தப்பா நெனைக்காதிய. நாளைக்குப் பங்காளியாப் போயிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்."

சமுத்திரத்துக்குத் தன் தாத்தா யாரென்றே தெரியாது. அவருடைய அய்யா இளவட்டமாக ராஜபாளையம் வந்து மில்லில் சேர்ந்தவர். வீட்டைப் பற்றிக் கேட்டால், "எல்லாஞ் செத்துப் போச்சு" என்பதோடு சரி. சாகக் கிடந்தபோது மட்டும் "கூமாப்பட்டி" என்று முனகினார். அங்கே என்ன என்று கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லித்தான் முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயின. இந்த முறை மகள் மகாலட்சுமிக்கு மாப்பிள்ளை கௌதம்ராஜைப் பிடித்திருந்தது. போனை வைத்த பிறகும் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பதை நெருங்கும் மகள் சிரிப்பதைப் பார்த்தால் எந்த அப்பனும் பொய் சொல்லுவான்.

"கூமாப்பட்டி. பெரிய வீடு. தாத்தா சமாதியே தோப்புக்குள்ள இருக்கு."

முத்துப்பாண்டிக்கு முகம் மலர்ந்தது. "நாங்களும் ஆதியில அந்தப் பக்கந்தான்! வார ஞாயித்துக்கெழம அங்கயே கும்பிட்டுப் பூ வச்சிருவோம். எங்க அக்காவையும் கூட்டிட்டு வாரேன்."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் மனைவி பாண்டீஸ்வரி பிடித்துக்கொண்டாள். "இல்லாத தாத்தாவுக்கு எங்கிட்டுப் போயிச் சமாதி தேடுவிய?"

"கூமாப்பட்டியில யாருமே சாகலையா? ஒண்ணு அம்புடாமலா போகும்?"

மறுநாள் கூமாப்பட்டி மயானத்தில், பெயர் அழிந்த ஒரு கல்லறையைத் தேர்ந்தெடுத்துச் சூடம் ஏற்றினார். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"யோவ், அது எங்க மாமியாரு. அவிய ஒமக்கு என்ன வேணும்?"

"சும்மா... தெரிஞ்சவுக."

"எப்படித் தெரிஞ்சவுக?" என்று அவள் அரிவாளோடு எழுந்தாள்.

அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தை மில்லில் ஓடியிருந்தால் மேஸ்திரி ஆகியிருப்பார்.

பிறகு மயானத்தை விட்டுவிட்டு இடிந்த வீடுகளாகத் தேடினார். ஊருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் கூரை விழுந்த பழைய வீடும், அதன் பின்னால் பெயரில்லாத சமாதியும் கிடந்தன. தலைமாட்டில் ஏனோ ஒரு அம்மியை நட்டு வைத்திருந்தார்கள்.

"தோப்பு கை மாறிக் கை மாறி வந்துச்சு. யாரு சமாதின்னு ஒருத்தனுக்கும் தெரியாது," என்றார் காவல்காரர்.

சமுத்திரத்துக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

வெள்ளையடித்தார். அம்மிக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று தாத்தாவை வைத்தியராக்கினார். "உங்க பேரு தாத்தா பேராத்தான இருக்கும், அதையே போடுங்க," என்றாள் பாண்டீஸ்வரி. "சமுத்திரம்னா வைத்தியருக்கு எடுப்பா இருக்காதுட்டி," என்று கிரானைட்டில் 'இருளப்பசாமி வைத்தியர்' என்று வெட்டிப் பதித்தார்.

பெருமை பொறுக்காமல் அதைப் போனில் சொல்லியும் வைத்தார். "எங்க அக்காவுக்கு மொழங்கால் வலி. தாத்தா மருந்து ஏதும் கைவசம் இருக்கா?" என்றார் முத்துப்பாண்டி. இல்லையென்றால் வைத்தியர் என்ன வைத்தியர்? சுக்கையும் கடுக்காயையும் இடித்துக் கொடுத்தனுப்பினார். முழங்கால் வலி அப்படியே இருக்க, அக்காவுக்கு வயிறு போனது.

ஞாயிற்றுக்கிழமை வேனிலிருந்து முதலில் இறங்கியவள் அந்த அக்கா வெள்ளத்தாய்தான். "எங்க அந்த வைத்தியன்?" என்றாள்.

தோப்பில் பொங்கல் பொங்கியது. மகாலட்சுமிக்கு வைக்க வேண்டிய பூவோடு சமாதியைச் சுற்றி வந்த வெள்ளத்தாய், அம்மியைப் பார்த்ததும் நின்றாள். குனிந்து அதன் மூளியான மூலையைத் தடவினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே முத்துப்பாண்டி! இது நம்ம தாத்தால்லா!"

"என்னக்கா சொல்லுத?"

"தொவையல் மையா அரைபடலன்னு சாகுத வரைக்கும் சண்டை. 'அங்க போயி நீரே அரைச்சுத் திங்கும்'னு அப்பத்தா நட்டு வச்ச அம்மி. தோப்பை வித்த பொறவு எடமே தெரியாமப் போச்சே!"

"அப்ப வைத்தியரு?"

"மனுசனுக்குத் தைலம் தேய்க்கக்கூடத் தெரியாது. பேரும் தப்பு. தாத்தா பேரு சமுத்திரம்."

பாண்டீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தென்னை மரத்தைப் பார்த்தார்.

வெள்ளத்தாய் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சித்தப்பா ஒருத்தரு கோவிச்சுக்கிட்டு ராசபாளையம் மில்லுக்குப் போனவரு, திரும்பவே இல்ல. அவரு மகனா நீ? அப்பன் பேரை மகனுக்கு வச்சிருக்காரே, பாசம் விட்டுப் போகலையே!"

எல்லாம் பொய் என்று கத்தச் சமுத்திரம் வாயைத் திறந்தார். சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் உண்மையாகித் தொலைத்திருந்தது. அறுபது வயதில் அவருக்குத் தாத்தா கிடைத்துவிட்டார். அந்தத் தாத்தாவை அம்மியோடு பெயர்த்து எறியலாம் போல ஆத்திரம் வந்தது. மகாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளத்தாய் பூவைச் சமாதியில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏலே கௌதம்ராஜு, முழிச்சுக்கிட்டு நிக்காத. தங்கச்சிக்கு ஒரு நல்ல எடமாப் பாரு."