நீலன் சிறகு விரிக்காத படலம்

ஒரு மணி நேரமும் பதினொரு நிமிடமும் ஈரமண்ணில் முழங்காலூன்றி, இமை கொட்டாது, தொப்பி சரியாது நின்ற பெருமகன், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி ஏரிக்கரையின் காவலன், நெடுங்குழல் கேமரா தாங்கிய திண்தோளன் சாமிநாதன் வாழ்க. அவன் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவும் வாழ்க.

மார்ச் மாத ஞாயிறு அது. வசந்தகாலப் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பின் இறுதி நாள். காலை ஒன்பது மணிக்குப் பட்டியலை அனுப்பியாக வேண்டும். சந்தாபுரா அணி நாற்பது வகைகளோடு இறுமாந்திருக்க, சாமிநாதன் படையும் அதே நாற்பதில் நின்றது. வெற்றிக்கு இன்னும் ஒன்று. அந்த ஒன்று, வெட்டுக்காயப் பூண்டின் வெளிர்மஞ்சள் பூவொன்றில், விரல்நகம் அளவே உடம்பெடுத்து, சிறகு மூடி அமர்ந்திருந்தது. நீலன் எனும் சிறு பட்டாம்பூச்சிக் குலத்தோன் என்பது மட்டும் தெரிந்தது. எந்த நீலன் என்பதைச் சிறகின் மேற்புறம்தான் சொல்லும். அதை அவன் காட்டுவதாயில்லை.

மூண்டது போர். மலையென அசையாத வீரனும், அவனினும் அசையாத பகைவனும் எதிரெதிர் நின்றனர். எறும்புகள் அணி அணியாய்க் கணுக்காலேறிக் கடித்தன, வீரன் சிலிர்க்கவில்லை. மேம்பாலத்து லாரிகள் போர்முரசெனக் குமுறின, வீரன் திரும்பவில்லை. காற்று பூவை அசைத்தது. பகைவன் பூவோடு சாய்ந்தான், பூவோடு நிமிர்ந்தான், சிறகை மட்டும் விரிக்கவில்லை. இத்தகைய நெஞ்சுரத்தை எந்தப் பூச்சியிடமும் கண்டதில்லையென வீரனே வியந்தான்.

படையில் வேறு இருவர் இருந்தனர். ஒருவர் பொம்மசந்திராவில் லேத் பட்டறை நடத்தும் முனிராஜ். தண்ணீர் பாட்டில் சுமப்பவர். மற்றவள் பார்கவி, விலங்கியல் படித்தவள், பட்டியல் எழுதுபவள், அதிகம் பேசாதவள்.

"சார், அது சும்னே உக்காந்திருக்கு. இட்லிக் கடைல கூட்டம் சேந்துரும்," என்றார் முனிராஜ், கன்னடம் கலந்து.

"பொறுங்க. வெயில் ஏறட்டும், தானா விரிக்கும்," என்று வீரன் முழங்கினான், பகைவன் கலைந்துவிடாதபடி கிசுகிசுப்பாக.

பத்தாவது நிமிடத்தில் பார்கவி குனிந்து பூவைப் பார்த்தாள். வாய் திறந்தாள், மூடினாள். முப்பதாவது நிமிடத்தில் பேனாவைத் திறந்தாள், மூடினாள். போன வாரம் அவன் சொன்ன ஒரு கொக்கின் பெயரை அவள் திருத்தியபோது, சாமிநாதன் வீடு வரும்வரை அவளிடம் பேசவில்லை.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம். கேமராவைத் தாழ்த்தி, வியர்வை வழியும் முகத்தை வான்நோக்கி உயர்த்தி, வீரன் தன் இறுதி ஆணையைப் பிறப்பித்தான்.

"எழுதிக்கம்மா பார்கவி. நாப்பத்தொண்ணு, புல்நீலன். இவ்வளவு பொறுமை வேற எதுக்கு இருக்கும்? கீழ உன் கையெழுத்தப் போட்டு அனுப்பிரு."

பேனா தாளைத் தொட்டது. ஏரி அடங்கியது, எறும்புகள் நின்றன, எட்டுத் திசையும் செவி சாய்த்தன.

"சார், பூவுக்குள்ள அதே மஞ்சள்ல ஒரு சிலந்தி இருக்கு, அது புடிச்சு நாம வர்றப்பவே இந்த நீலன் செத்துப்போயிருந்துச்சு," என்றாள் பார்கவி.