கண்ணை மூடிக்கொண்டு ஆடிய ஆட்டம்

ஒரு வீட்டில் ஆளுக்கு ஒரு பொருளாவது சொந்த இஷ்டத்துக்கு இருக்க வேண்டும். வெளிநாட்டில் பல வருஷம் வாடகை அறைகளில் அடுத்தவர் கட்டிலிலேயே படுத்தெழுந்து திரும்பியவன் நான். இங்கே வந்தால் எல்லாமே மனைவியின் கட்டில். அதனால் தீர்மானித்தேன்: என் கையாலேயே ஒரு கேம் மெஷின் கட்டுவேன்.

காசு போட்டு ஆடுவோமே, அந்த மாதிரி ஆளுயரப் பெட்டி. ஆனால் அதில் ஓடப்போவது அற்ப சொற்ப கேம் இல்லை. ஒரு காலத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்த லேசர் டிஸ்க்கில் முழுக் கார்ட்டூன் படத்தையே பதித்து ஆடவிட்ட ரகம். படம் தன்பாட்டுக்கு ஓடும். கோட்டைக் கூரை இடியும் கணத்தில் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் வீரன் பிழைப்பான். இமைப்பொழுது பிந்தினால் செத்தான். அதையே இப்போது துடைத்து மெருகேற்றி எச்.டி.யில் தந்திருக்கிறார்கள். வீரனின் மூக்கில் வியர்வை தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய யுத்தத்துக்குத் தயாராகத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே, "தாராளமா பண்ணுங்க. பெட்ரூம்லயே வைங்க" என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பிளைவுட்டை அறுக்க ஆரம்பித்ததும் வந்து நின்றாள்.

"ஏங்க, நின்னுக்கிட்டா ஆடுவீங்க?"

"ஒரிஜினல் அப்படித்தான்."

"ஒரிஜினல் ஆடினப்போ உங்களுக்கு முட்டி வலி இருந்துச்சா? ஸ்டூல்ல உட்கார்ந்து ஆடுற மாதிரி பலகைய இறக்குங்க."

இறக்கினேன்.

"மேல என்ன லைட்டு?"

"நீலம். கெத்தா இருக்கும்."

"நீலத்துல மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி தெரியும். வெள்ளை போடுங்க."

"யார் மூஞ்சி?"

"வேற யாரு, வீரன் மூஞ்சிதான்."

போட்டேன்.

"கீழ ரெண்டு பக்கமும் டிராயர் வைங்க. ஒயர் போட்டுக்கலாம். அப்புறம் அந்த மானிட்டரை அடிச்சு இறுக்கிடாதீங்க. ரிப்பேர்னா சட்டுனு கழட்ட வரணும்ல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் ஓர் இன்ஜினியருடன் குடும்பம் நடத்தியிருக்கிறேன், தெரியவே இல்லை!

பெட்டி எழுந்து நின்றது. மானிட்டர் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. தினமும் காலையில் கோட்டைக்குள் புகுந்தேன். செத்தேன். மறுபடி புகுந்தேன். கொஞ்ச நாளில் உயிர்களை வாரி இறைத்துக் கடைசிக் கதவையும் திறக்க ஆரம்பித்தேன்.

ஹாலில் அவளுக்கு வேலை. கம்பெனி கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, கேட்டதை அப்படியே டைப் அடித்துக் கொடுப்பாள். ஒரு காதில் ஹெட்போன். இன்னொரு காது வீட்டுக்கு.

ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"அந்த வீரன் செத்துச் செத்து அலறுறதைக் கேட்டு என் காதே தேஞ்சுபோச்சு. ஒரு பந்தயம் வச்சுக்கலாமா? ஒரே உயிர்ல யாரு அதிக தூரம் போறாங்களோ, பெட்டி அவங்க இஷ்டம்."

"நீ அந்தக் கைப்பிடியைத் தொட்டதுகூட இல்லையே!"

"அப்புறம் எதுக்கு உங்களுக்கு வேர்க்குது?"

நடுவராகப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டோம். நான் உட்கார்ந்தேன். வெண்ணெயில் கத்தி போலப் போனேன். டாக்டர் வாயைப் பிளந்தார். எத்தனை பேரைப் பிளக்க வைத்திருப்பார், இன்று அவர் முறை. அந்தப் பெருமிதத்தில் அவர் பக்கம் திரும்பி, "டாக்டர், இப்பத்தான் முக்கியமான இடம். ஒரு தொங்குபாலம் வரும் பாருங்க..." என்று விளக்கினேன்.

நான் விளக்கி முடிப்பதற்குள் பாலமும் வந்தது, அறுந்தும் போனது. வீரன் அலறினான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், கண்ணைத் திறந்து ஆடு!"

"திறந்தா குழம்பும்ங்க."

சங்கிலி கிறீச்சிட்டது. இடது. கழுகு கத்தியது. மேலே. தண்ணீர் சலசலத்தது. வலது, பட்டன். விரல்கள் டைப் அடிக்கிற நிதானத்தோடு போயின. படம்தான் ஒருபோதும் மாறாதே! கைப்பிடி ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாய் டக்கிடும்; எந்தச் சத்தத்துக்கு நான் எந்தப் பக்கம் கைப்பிடியை டக்கென்று இடித்தேன் என்பதெல்லாம் அந்த இன்னொரு காதில் ஏறிக் குடியிருந்திருக்கிறது. பாலம் அறுந்தது, தாண்டினாள். கடைசிக் கதவு திறந்து வெற்றி இசை முழங்கியது.

"அப்பாடா!" என்று கண்ணைத் திறந்தாள். "நடுவுல யாரும் சாகாம இதை இன்னிக்குத்தான் முழுசா கேட்டேன்."

டாக்டர் எழுந்தார். "அப்போ நான் போய் கண்ணாடியை எடுத்துட்டு வந்துடவா, மேடம்?"

"என்ன கண்ணாடி?" என்றேன்.

"டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி, சார். நீங்க பலகை வாங்குறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. எங்க கட்டிலுக்கு அடியிலதான் கிடக்குது."

மானிட்டர் சட்டென்று கழன்று வந்தது. அப்படித்தானே செய்திருந்தேன்! அந்தச் சட்டத்தில் கண்ணாடி மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. டிராயருக்குள் சீப்பும் பவுடரும் போயின. வெள்ளை விளக்கு எரிந்தது. அதன் கீழே, எச்.டி. தெளிவில், ஒவ்வொரு நரையும் தெரிய ஒருவன் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, மறைக்குது. கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க."

இமைப்பொழுதுகூடப் பிந்தவில்லை. தள்ளினேன். பிழைத்தேன்.