ஜெயராஜ் திருடிய சிக்னல்

"சிக்னல் இல்லை" என்று காலையிலிருந்து அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டர் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது. பண்டமாரான் ஊரிலிருந்த பருப்புக் கிடங்கின் மேற்பார்வையாளர் முத்துக்கருப்பனுக்கு ரத்தம் கொதித்தது.

அதை வாங்கச் சொல்லி முதலாளியை நச்சரித்தவரே அவர்தான். புதிதாக வந்த எந்தப் பெட்டியையும் வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னால் பிரிக்கக் கூடாதென்று எல்லோருக்கும் உத்தரவு போட்டவர், இந்த ஒன்றை மட்டும் ஆசை தாங்காமல் தானே பிரித்துவிட்டார்.

"ஒயரே வேணாம், எங்க நின்னு மூட்டைய எண்ணினாலும் கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயிடும்னு சொன்னீங்களே! மத்தியானம் வந்து பாக்குறேன். ஓடலேன்னா கிடங்க என் மருமகன் பாத்துக்கட்டும்" என்று அண்ணாமலை முதலாளி பிரிக்பீல்ட்ஸிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.

மருமகனாம்! பச்சைப் பயறுக்கும் உளுந்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்!

முத்துக்கருப்பன் மெஷின் விற்ற வாசுவைப் போனில் பிடித்தார்.

"அண்ணே, கூரையில ஆன்டனா பொட்டி மாட்டியாச்சா?"

அண்ணாந்து பார்த்தார். வெள்ளையாக, வட்டமாக ஒன்று சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது.

"மாட்டி லைட்டே எரியுது! எனக்கே பாடம் நடத்துறியா?"

"அப்ப சரக்கு மறைக்குதோ என்னமோ, கொஞ்சம் தள்ளிப் பாருங்கலா."

மூட்டைகள் நகர்ந்தன. வாசல் அடைபட்டது. சரக்கு ஏற்ற வந்த லோரி வெளியே நின்று ஹார்ன் அடித்தது. சிக்னல் மட்டும் வரவில்லை.

உயரம் போதவில்லையோ என்று அடுக்கின்மேல் ஏறினார். ஒரு மூட்டை சரிந்து வாய் பிளந்தது.

கிடங்கைப் பெருக்கும் மாரியாயி ஓடி வந்தாள். "அண்ணே, அந்தப் பொட்டி..."

"நீ பருப்ப அள்ளு!"

அடுக்கின்மேல் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். மெஷினில் ஒரு கோடு தெரிந்தது. இன்னும் நீட்டினார். மூன்று கோடு!

அப்போதுதான் எதிர்க் கிடங்கின் கூரை கண்ணில் பட்டது. இரண்டு கொம்பு வைத்த பெட்டி. ஜெயராஜின் கிடங்கு.

"திருட்டுப் பய! நம்ம சிக்னல அங்க இழுத்து வெச்சிருக்கான். அதான் அவன் பக்கம் ஆறா ஓடுது, இங்க ஒரு சொட்டு இல்ல!"

முதலாளி காரைவிட்டு இறங்கியதும் அவரைக் கையோடு எதிர்க் கிடங்குக்கு இழுத்துப் போனார். என்ன ரகளையோ என்று மாரியாயியும் முறத்தோடு பின்னால் போனாள்.

"சிக்னல் திருடுறியே, வெக்கமா இல்ல?"

ஜெயராஜ் விழித்தான். "எங்க பொட்டி எங்களுக்குத்தான்லா வேலை செய்யுது, அண்ணே."

"முதல்ல அத அடை! தெரிஞ்சு போயிடும்."

"சண்டை வேணாம் பாஸ். அடைச்சிடறேன்."

ஜெயராஜ் சுவிட்சைத் தட்டினான். முத்துக்கருப்பனின் கையிலிருந்த மெஷினில் மூன்று கோடும் ஒரேயடியாக மறைந்தன.

"பாத்தீங்களா முதலாளி, பாத்தீங்களா! அடைக்கிறப்ப மிச்சத்தையும் சுருட்டிக்கிட்டான்!"

அண்ணாமலை மருமகனுக்குப் போன் போடத் தொடங்கினார்.

மாரியாயிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நம்ம கூரையில மினுக்கறது புகை வந்தா கத்துறதுல்ல? இந்த மாதிரி கொம்பு வெச்ச பொட்டி படம் போட்டு நமக்கும் ஒண்ணு வந்துச்சு, பூசை போடாம பிரிச்சா கைய ஒடிப்பேன்னீங்களேன்னு சாமி மேடையில பத்திரமா வெச்சிருக்கேன்!"