என் மனைவிக்கு மட்டும் நின்ற கார்

முழுதாகக் கெட்டுப்போன பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு. நான்கு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், யாராவது ஒருவர் இழுத்துப்போக லோரிக்குச் சொல்லிவிடுவார். அவ்வப்போது மட்டும் கெட்டுப்போகிற பொருளுக்கு அந்த மரியாதை கிடையாது. அது சமர்த்தாக நடந்துகொள்ளும் நேரம் பார்த்துத்தான் அந்த நான்கு பேரும் வந்து சேருவார்கள். கடைசியில் பொருள் யோக்கியமாகிவிடும். அதைப் பற்றிப் புகார் சொன்னவர்தான் பொய்யராவார். எங்கள் வீட்டில் அப்படிப் பொய்யராக்கப்பட்டவள் என் மனைவி தேவகி. ஆக்கியது சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

நான் வசன கவிதை எழுதுகிறவன். (அதில் பிழைப்பு நடக்குமா என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.) சோற்றுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு வாசகம் எழுதுகிறேன். வீடு தெருவின் ஒரு முனை, அச்சகம் மறுமுனை. நடுவில் தேநீர்க் கடை. என் உலகம் அவ்வளவுதான். தேவகிக்கோ கிள்ளானில் வேலை, மருத்துவமனை வார்டு ஒன்றில் தாதி. விடியுமுன் ரயில், பிறகு பேருந்து, பிறகு நடை. வேலை முழுக்க நின்றுவிட்டு மீண்டும் நடை, பேருந்து, ரயில். ஒருநாள் வாசல் கதவைப் பிடித்தபடி செருப்பைக் கழற்றியவள், "எனக்கு முன்னாடி என் முட்டி ரிட்டயர் ஆயிடும் போல" என்றாள். கார் வாங்குவது என்று அன்று முடிவானது. சேமிப்பு அவளுடையது. தேர்வு என்னுடையது. (இந்த வேலைப் பங்கீட்டை யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.)

கிள்ளானில் காப்பார் போகும் சாலையில் குணா அண்ணேயின் பழைய கார்க் கடை. வரிசையாக நின்ற கார்கள் வெயிலில் மினுங்கின, குளித்துவிட்டுப் பெண் பார்க்கக் காத்திருக்கும் மாப்பிள்ளைகளைப் போல. குணா அண்ணே என் பெயரைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தக் கவிஞரா நீங்க? எங்க அக்கா மக பத்திரிகைய நீங்கதான் எழுதுனீங்க. படிச்சுட்டு அக்கா அழுதுட்டாங்க."

(அந்தப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகியிருந்தது. அக்கா அதற்காகவும் அழுதிருக்கலாம்.)

என் எழுத்துக்காக ஒரு ஜீவன் கண்ணீர் விட்டது என்று கேட்ட பிறகு நான் எப்படி பானெட்டைத் திறந்து பார்ப்பேன்? ஒருவரை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு அவரிடம் எஞ்சினைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்வது மரியாதைக் குறைவாகப் பட்டது. தேவகி ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தின் ஓசையில் சொக்கிப் போய், போடு என்றேன்.

கோயிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டோம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கார் முன்னால் நகர்ந்தபோது தேவகி சிரித்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் சிரிக்க மறந்துபோகும் சிரிப்பு அது. அதற்காகவாவது அந்தக் கார் ஒழுங்காக இருந்திருக்கலாம்.

மாதம் திரும்புவதற்குள் ஒரு மதியம் அவள் வெளிறிய முகத்தோடு வீடு வந்தாள். வேலை முடிந்து வரும் வழியில், ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது எஞ்சின் தானாக அணைந்துவிட்டதாம். சாவியைத் திருப்பினால் உயிரில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியதாம். நான் கீழே போய், ஒரு பெரிய மனிதரின் தோரணையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பினேன். பூனை போல் உறுமியது. தேநீர்க் கடைவரை போய், நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த ஒரு தே தாரே குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"நல்லாத்தான ஓடுது? நீ பயந்திருப்பே, தேவகி."

"பயந்துதான் போனேன். நின்னதுனால பயந்தேன். பயந்ததுனால நிக்கலைங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு வாக்கியம் எழுத என்னால் முடியாது. ஆனாலும் எனக்கு அன்று விளங்கவில்லை. கண் பட்டிருக்கும் என்று முடிவு செய்து காரின் மூக்கில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். அது மறுபடி நின்றது. சாலாக் செலாத்தானில் ஒரு பட்டறைக்காரர் கருவியைச் செருகிப் பார்த்தார். கோளாறு எதுவும் காட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாகக் கிடந்த நேரத்தில், காரைக் குணா அண்ணேயிடம் ஓட்டிப் போனோம். அவர் அதில் ஒரு சுற்றுப் போய்வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். தேவகியைப் பார்த்து, "தங்கச்சி, ஆட்டோ கியர் காரைக் கொஞ்சம் மெதுவா மிதிக்கணும் லா" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத் தேவகி பார்த்தாள். கிள்ளானிலிருந்து வீடு வரும்வரை அவள் பேசவில்லை. காரும் நிற்கவில்லை. அது என் பக்கம் என்பதை நிரூபிக்கப் பிடிவாதமாக ஓடியது.

அடுத்த வாரம் காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமரா முளைத்திருந்தது. சாலையைப் படம் பிடிக்குமாம், உள்ளே பேசுவதையும் பதிவு செய்யுமாம். நெற்றிக்கண் மாதிரி அழகாக இருக்கிறது என்று பாராட்டினேன். அதை மாட்டிய தேவகி அதன் கோணத்தைச் சரிசெய்தாள். அதன்பின் மழை கொட்டிய ஒரு மதியத்தில் அவள் போன் செய்தது நினைவிருக்கிறது. நான் வேலையில் மூழ்கியிருந்தேன். சாயங்காலம் அவள் பத்திரமாக வீட்டில் இருந்தாள், நானும் அதை மறந்துவிட்டேன். மறுநாள் அவள் மீண்டும் ரயிலுக்குப் போனாள். கார் வீட்டடியில் நின்றது. அவளுடைய முட்டிக்காக வாங்கிய கார் என்னுடைய தேநீருக்கு ஓடியது.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அவள் கேட்டாள். உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார் குணா அண்ணே. நான் இரண்டு பக்கமும் ஞாயம் இருக்கிறது என்றேன். (இரண்டு பக்கமும் ஞாயம் இருக்கிறது என்பவன் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.) தேவகி வார்டில் சாப்பாட்டு நேரங்களில் போனில் சட்டம் படித்தாள். ஒருநாள் துணி மடித்தபடியே சொன்னாள்.

"பழசுன்னாலும் காரு ஓடணும்ங்க. பழசு வாங்குறவங்களுக்கும் சட்டம் இருக்கு. ஒரு கையெழுத்த வாங்கிட்டு அதைப் பறிக்க முடியாதாம். தீர்ப்பாயத்துக்குப் போறேன்."

"அண்ணே மேலேயா?"

"உங்களுக்கு அண்ணே. எனக்குக் கடைக்காரரு."

நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கு நான் துணைக்குப் போனேன். விசேஷங்களுக்குப் போடும் பட்டிக் சட்டை போட்டிருந்தேன். நீதிமன்றம் என்று கற்பனை செய்திருந்தேன், அது ஒரு குளிர்ந்த அலுவலக அறை. வக்கீல் கிடையாது, வழக்குக்காரர்களே பேச வேண்டும். தலைவராக ஒரு மலாய் அம்மையார், எல்லோருக்கும் 'புவான்', கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். விசாரணை மலாயில் நடந்தது. பதிவில் தமிழ் இருக்கிறது என்று தேவகி முன்பே சொல்லியிருந்ததால் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தேவகி, ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைப்பது போல் பேசினாள். எங்கே நின்றது, எப்படி நின்றது, எப்போது கிளம்பியது. ஓர் உரிச்சொல் இல்லை. குணா அண்ணே எழுந்தார். பழைய கார், கையெழுத்து இருக்கிறது, சோதித்தால் ஓடுகிறது என்றார். பிறகு என் பக்கம் கை நீட்டினார். "அவங்க வீட்டுக்காரரையே கேளுங்க, புவான். அதே காரைத்தான் அவரும் ஓட்டுறாரு. கவிஞர், பொய் பேச மாட்டாரு."

தலைவர் என்னைக் கேட்டார். நான் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் பேசாத கவிஞன் என்று மூன்று பேர் முன்னால் அறிவிக்கப்பட்டவன் என்ன செய்வான்? எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கற்ற மலாயைத் தூசி தட்டி, அந்தக் கார் என் கையில் ஒருநாளும் நின்றதில்லை, நதி போல ஓடுகிறது என்றேன். குணா அண்ணே கண்களை மூடிக்கொண்டார், கச்சேரி கேட்பவரைப் போல. தேவகி என்னைப் பார்க்கவில்லை. அவள் காலையில் தேய்த்துக் கொடுத்த என் சட்டையைப் பார்த்தாள்.

பிறகு, சாட்சியிடம் தான் கேள்வி கேட்கலாமா என்று தலைவரிடம் அனுமதி கேட்டாள். சாட்சி என்றால் நான்.

"சாட்சி காரை எங்கே ஓட்டிப் போவார்?"

"தேநீர்க் கடைக்கு."

"பிறகு?"

"வீட்டுக்கு."

"மதிய வெயிலில், நெரிசலில், ஃபெடரல் ஹைவேயில் ஒரு தடவையாவது?"

"ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு..."

"மதியம்."

"இல்லை."

தலைவர் தம் தாளில் எதையோ கோடு போட்டு அடித்தார். என் நதி அங்கேயே வற்றியது.

அதோடு விட்டிருக்கலாம். தேவகி கேமராவின் பதிவைத் திரையில் ஓடவிட்டாள். மழை. கண்ணாடியில் துடைப்பான்களின் ஓயாத அலைச்சல். முன்னால் சிவப்பு விளக்குகளின் நீண்ட வரிசை. திடீரென்று எஞ்சின் சத்தம் மட்டும் கழன்று விழுந்தது. முன்னாலிருந்த வரிசை நகர்ந்து போய்விட்டது, கார் அங்கேயே நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள். சாவி திரும்பும் ஒலி, மறுபடி அதே ஒலி. அப்புறம் போன் ஸ்பீக்கரில் மணி அடிக்கும் சத்தம், அதை எடுத்த ஓர் ஆணின் குரல். என் குரல் இவ்வளவு நிதானமானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"என்னங்க, காரு நின்னுடுச்சு. நடு லேன்ல இருக்கேன். மழை. பின்னாடி லோரியா வருது."

"லைட்டைப் போட்டுக்கோ."

"போட்டுட்டேன்."

"தேவகி, நான் ஒரு வரியில மாட்டிக்கிட்டு நிக்கிறேன். முடிச்சுட்டுக் கூப்பிடட்டுமா?"

ஒரு லோரி, மிக அருகில், நீளமாக அலறிக்கொண்டு கடந்தது. திரை அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒரே சொல்.

"சரிங்க."

தமிழ் தெரிந்த ஊழியர் மொழிபெயர்த்தார். என் வரி வந்ததும் அவருக்கே சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அதையும் மலாயில் சொன்னார். தலைவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறையும் அது அப்படியே இருந்தது.

அது என்ன வரி என்று தலைவர் என்னைக் கேட்டார்.

கல்யாணப் பத்திரிகைக்கு என்றேன். சொல்லுங்கள் என்றார். சொன்னேன். "வாழ்க்கைப் பாதையின் நடுவழியில் கைவிடாத துணையாய்..." அந்த ஊழியர் நல்ல மொழிபெயர்ப்பாளர். மலாயில் அது இன்னும் அழகாக இருந்தது. குணா அண்ணே, எனக்காக, தலையைக் குனிந்துகொண்டார்.

"முடித்தீர்களா?"

"இல்லை, புவான். 'துணையாய்' வரைக்கும்தான் வந்தது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

தலைவர் சுருக்கமாகவே தீர்ப்புச் சொன்னார். கார் எத்தனை நாள் ஓடியது என்பது கேள்வியில்லை, எப்போது நிற்கும் என்று தெரியாத ஒன்றில் ஒருவர் வேலைக்குப் போக முடியுமா என்பதே கேள்வி. பழைய காருக்கும் அந்தத் தகுதி வேண்டும், கையெழுத்து அதை மாற்றாது. காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் குணா அண்ணே கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். "தங்கச்சி, இந்த வீடியோவ முன்னாடியே காமிச்சிருந்தா நானே எடுத்திருப்பேன் லா" என்றார்.

தேவகி அவரை முதன்முதலாக அண்ணே என்றாள். "முன்னாடி வாயால சொன்னேனே, அண்ணே."

அவள் சொன்னது அவருக்கு. ஆனால் அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்த பிறகும் அது அங்கேயே என் எதிரில் நின்றது.

(பின்னால் குணா அண்ணேயின் மெக்கானிக் கோளாறைக் கண்டுபிடித்தார். எஞ்சினில் ஒரு சின்ன சென்சார், நெரிசலில் ஊர்ந்து நன்றாகச் சூடானால் மயங்கிவிடும், ஆறினால் எழுந்துவிடும். தேநீர்க் கடை தூரத்துக்கு அது சூடாகவே இல்லை.)

அன்று ரயிலில் வீடு திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே ஹைவே கொஞ்ச தூரம் கூடவே வந்தது, வெயிலில் கார்கள் வெள்ளி மீன்களாக நெளிந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று நடுவில் நின்றுவிடுமோ என்று என் கண் தேடியபடியே இருந்தது. கடைசியில் கேட்டேன்.

"அந்த வீடியோவ எங்கிட்ட ஏன் காட்டல?"

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

அவள் குரலில் கோபம் இல்லை. வார்டில் ஒரு நோயாளியின் சூட்டைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்ததும் இறங்க எழுந்தபோது, அந்தக் கையால் கம்பியைத்தான் பிடித்தாள்.

அடுத்த காரைத் தேவகியே தேர்ந்தெடுத்தாள். பானெட்டைத் திறந்தாள், கேள்வி கேட்டாள், மதிய நெரிசலில் ஓட்டிப் பார்த்தாள், விற்றவரை 'பாஸ்' என்று மட்டும் கூப்பிட்டாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தக் கல்யாணப் பத்திரிகையையும் என்னால் முடிக்க முடியவில்லை. அச்சகத்தில் 'துணையாய்' என்ற இடத்திலேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள், யாருக்கும் குறை தெரியவில்லை.

இதெல்லாம் தீர்ப்பாயத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் தேவகி அந்தப் பதிவை எங்கள் மகள் யாழினிக்கு அனுப்பிவிட்டாள். அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர், அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறாள். அன்றிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டு நான் தாமதித்தால் தேவகி, குளியலறையில் அதிக நேரம் இருந்தால் லீவுக்கு வந்திருக்கும் யாழினி, தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள்கூட, கதவுக்கு வெளியே நின்று ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். வரி முடிஞ்சுருச்சா?

போன மாதம் யாழினி போன் செய்தாள். வீட்டில் துணி துவைக்கும் மெஷின் சில நேரம் தண்ணீர் எடுக்கிறது, சில நேரம் எடுக்கவில்லை என்றாள். வீட்டு உரிமையாளர் வந்து பார்த்தபோது நன்றாக ஓடியதாம், அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாராம். எனக்கு அந்த மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் எழுந்து சட்டையைத் தேடிக்கொண்டே சொன்னேன். "நீ சொன்னா அது நிக்குதுதான்மா. இப்பவே கிளம்பி வரேன்."

யாழினி சொன்னாள், "அவசரமில்லப்பா. வரிய முடிச்சுட்டே வாங்க."

அடுக்களையில் தேவகி சிரித்தது கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.