அமெரிக்கன் அண்ணையின் மட்டை

புரொண்பியில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருந்த 'அமெரிக்கன்' அண்ணை அளவுக்கு அமெரிக்காவை நேசித்த ஆள் அமெரிக்காவிலேயே இருந்திருக்கமாட்டார். இத்தனைக்கும் மனுசன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவினார். தனிய இருந்தார். வேலை முடிந்தால் கம்ப்யூட்டரில் அமெரிக்க அரசியல் பேச்சுக் கேட்டார்.

"தம்பி, அங்க சனம் முழிச்சிட்டுது. அரசாங்கம் ஒதுங்கி நிண்டாப் போதும் எண்டு சொன்னவங்களை முந்தி விசரங்கள் எண்டு சிரிச்சாங்கள். இப்ப பெரிய கட்சிக்காரரே அவங்கட கதையைத்தான் கதைக்கிறாங்கள்!"

"அண்ணை, நீங்கள் இருக்கிறது டென்மார்க்கில."

"அதுதான் என்ர தலைவிதி" என்பார்.

கொள்கையை நடைமுறையிலும் காட்டினார். எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் உடுப்புத் தோய்ப்பதென்றால் சுவரில் தொங்கும் பலகையில் நேரம் பதியவேண்டும். அண்ணை பதியமாட்டார். "நான் எப்ப தோய்க்கிறதெண்டு இன்னொருத்தன் சொல்லுறதோ?" குளியலறை வாளியில் தோய்த்து, பல்கனியில் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டார். கீழ்வீட்டு டெனிஷ் மனுசி நல்ல வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டு கோப்பி குடித்தா. கடவுளே!

ஆனால் அவருக்கு ஆகப் பிடித்த கொள்கை வேறு. அமெரிக்கா அடுத்தவன் சண்டைக்குள் போகக்கூடாது. "அவனவன் வீட்டை அவனவன் பாக்கட்டும்." இதைச் சொல்லாமல் என் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை.

பிறகு வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அண்ணையின் ஒரே தங்கச்சி முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தா. அவவோடு அண்ணை கதைத்து மூன்று கிழமையாகிவிட்டது. நாங்கள் கோப்பன்ஹேகனில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் நின்று, யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். அண்ணையை ஒருவரும் கூப்பிடவில்லை. வந்தால் வகுப்பெடுப்பார் என்ற பயம்தான். நினைத்தால் எனக்கு இப்பவும் வெட்கம்.

ஒருநாள் தானாக வந்தார். சனத்தோடு சேராமல் மற்றப்பக்க நடைபாதையில் தனிய நின்றார். கையில் ஒரு பீட்சாப் பெட்டி மட்டை. அதில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தார்: "தயவுசெய்து வாருங்கள்."

ஒரு பகிடி விட வாயெடுத்தேன். முகத்தைக் கண்டதும் முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, வருவாங்களோ?"

வரக்கூடாது என்று அமெரிக்காவில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

"வருவாங்கள் அண்ணை" என்று சொல்லி, மட்டையின் மற்ற நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.